‘ஏலியனேட்’: மலாக்கா நிலத்தில் ஒரு சட்ட வினைச்சொல்

‘ஏலியனேட்’ என்ற ஆங்கில வினைச்சொல்லுக்குப் பேச்சு வழக்கில் ஒரு பொருள், நிலச் சட்டத்தில் வேறொரு பொருள். பேச்சு வழக்கில் அது மனம் விலகச் செய்வதைக் குறிக்கும். சட்டத்தில் அது சொத்தின் உரிமையை இன்னொருவருக்கு ஆக்குவது. ‘பிறருடையது’ எனப் பொருள்படும் ‘ஏலியனுஸ்’ என்ற லத்தீன் சொல்தான் இரண்டுக்கும் வேர். வாக்கியத்தைப் பார்த்தால் எது எந்தப் பொருள் என்று தெரிந்துவிடும். ஓர் ஆளை இன்னோர் ஆளிடமிருந்து விலக்கியதாகச் சொன்னால் அது பேச்சு வழக்கு. ஒரு நிலத்தை ஓர் ஆளுக்கு ஆக்கியதாகச் சொன்னால் அது சட்ட வழக்கு.

இங்கிலாந்தின் நிலச் சட்டத்தில் இந்தச் சொல் தடையோடும் அனுமதியோடும் சேர்ந்தே வளர்ந்தது. திருச்சபையின் கைக்குப் போன நிலம் மீண்டு வருவதில்லை, அதிலிருந்து மன்னருக்கும் பிரபுக்களுக்கும் சேர வேண்டியது நின்றுபோகிறது என்பதால் முதலாம் எட்வர்ட் மன்னர் 1279இல் அத்தகைய கைமாற்றத்தைத் தடுத்தார். அவரே 1290இல் பிறப்பித்த வேறொரு சட்டம், சுதந்திரக் குடிகள் தம் நிலத்தைப் பிறருக்கு விற்கலாம் என்று அனுமதித்தது. இரண்டு சட்டங்களிலும் நிலத்தை ஆக்கிக் கொடுப்பவர் அதை வைத்திருப்பவரே.

இந்தியச் சட்டமும் அதே வழியில் போனது. 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டம், வாங்கியவர் சொத்தைப் பிறருக்கு ஆக்கவே கூடாது என்று விதிக்கும் முழுத்தடை செல்லாது என்கிறது (பிரிவு 10). கூட்டுக் குடும்பத்தின் தலைவர் குடும்பச் சொத்தை எந்த அவசியத்துக்காக விற்கலாம் என்பது இந்துச் சட்டத்தின் மிகப் பழைய சர்ச்சைகளில் ஒன்று. தமிழ்நாட்டு இந்து சமய அறநிலையச் சட்டமும் (1959) கோயில் நிலத்தை ஆணையரின் அனுமதியின்றிக் கைமாற்றத் தடை விதிக்கிறது. பழைய தமிழ்க் கிரயப் பத்திரங்களில் ‘வில்லங்கம், பராதீனம் எதுவும் இல்லை’ என்று எழுதுவார்களே, அந்தப் பராதீனம் இந்த ஆங்கிலச் சொல்லுக்கு ஏறக்குறைய நேர்ச்சொல்: பிறர் வசமாதல். இந்த வாக்கியங்கள் எல்லாவற்றிலும் எழுவாயாக வருபவர் சொத்துக்காரர்தான்.

மலேசியாவில் எழுவாய் மாறிவிடுகிறது. 1966 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்த தேசிய நிலச் சட்டத்தில் ‘ஏலியனேட்’ செய்யக்கூடியவர் ஒருவரே: மாநில அதிகாரபீடம். 2020இல் திருத்திப் பதிப்பிக்கப்பட்டு 828ஆம் சட்டம் என்ற எண்ணைப் பெற்ற பின்னும் இதில் மாற்றமில்லை. மாநிலத்தின் நிலம் முழுவதும் மாநில அதிகாரபீடத்தையே சேர்ந்தது என்று 40ஆம் பிரிவு தொடங்கிவைக்க, அந்த நிலத்தை ‘ஏலியனேட்’ செய்யும் அதிகாரத்தை 42ஆம் பிரிவு வரிசைப்படுத்துகிறது. 5ஆம் பிரிவும் 76ஆம் பிரிவும் சேர்ந்து தரும் விளக்கத்தின் சாரம் இது: மாநில நிலத்தை, வருடாந்தர நிலவரிக்கு ஈடாக, என்றென்றைக்குமாகவோ 99 ஆண்டுக்கு மேற்படாத தவணைக்கோ ஒருவருக்கு உரிமையாக்குவது. அந்த ஒருவர் பிறகு தம் நிலத்தை இன்னொருவருக்கு விற்றால் அதற்கு இச்சட்டம் தரும் பெயர் ‘டிரான்ஸ்ஃபர்’. சென்னையில் சட்டம் படித்தவர் மலேசிய நிலச் சட்டத்தைக் கையில் எடுத்தால் முதலில் தடுமாறும் இடம் இதுவாகத்தான் இருக்கும்.

இது மலேசியாவுக்கு மட்டும் உரிய வழக்கு இல்லை. குடியேற்ற நாடுகளில் அரசுக்குரிய நிலத்தைத் தனியாருக்கு வழங்கும் நிர்வாகம் பெருகியபோது இந்தப் பொருளும் பெருகியது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் 1861இல் வந்த அரச நிலச் சட்டத்தின் பெயரிலேயே இச்சொல் உண்டு. இலங்கையின் 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டமும் அரசு குடிகளுக்குக் காணி வழங்குவதை இச்சொல்லால்தான் குறித்தது. மலாய் மொழி ‘பெம்பெரிமிலிக்கான்’ என்கிறது. உரிமை அளித்தல் என்று நேராகப் பொருள்படும். ஆங்கிலச் சொல் கொடுப்பவர் பக்கம் நின்று பேசுகிறது, மலாய்ச் சொல் பெறுபவர் பக்கம் நின்று பேசுகிறது. மலேசியத் தமிழில் இதற்கென்று ஒரு சொல் நிலைக்கவில்லை. ‘நிலம் ஒதுக்கினார்கள்’, ‘பட்டா கிடைத்தது’, ‘கிராண்டு வந்துவிட்டது’ என்று மூன்று விதமாகச் சொல்கிறோம். சட்டத்தில் இவை மூன்றும் ஒன்றல்ல. மலாக்காத் தமிழர்களுக்கு இந்த வேறுபாடு ஏன் முக்கியம் என்பதற்கு அம்மாநிலத்தின் நில வரலாற்றைப் பார்க்க வேண்டும்.

மலாக்காவில் நிலத்துக்கு ஒன்றன்மேல் ஒன்றாகப் பல சட்டங்கள் படிந்தன. மலாய் வழக்கப்படி மண் அரசருடையது. ஆனால் காட்டை வெட்டித் திருத்தியவருக்கு, விளைச்சலில் பத்தில் ஒரு பங்கைச் செலுத்திப் பயிரிட்டு வரும்வரை, அந்த நிலத்தில் உரிமை உண்டு. 1511இல் போர்த்துகீசியரும் 1641இல் டச்சுக்காரரும் வந்தனர். டச்சு ஆட்சியில் பெரும் நிலப்பரப்புகள் தனியார் சிலரின் கைக்குப் போயின. 1824ஆம் ஆண்டு ஆங்கில–டச்சு உடன்படிக்கைக்குப் பின் மலாக்காவைப் பெற்ற ஆங்கிலேயர் அந்தப் பத்தில் ஒரு பங்கை நானிங் பகுதியிலும் வசூலிக்க முனைந்ததில் மூண்டதுதான் 1831–32 நானிங் போர். இன்றைய அலோர் காஜா மாவட்டத்து தாபோ நானிங்கில் நானிங் தலைவர் தோல் சையிதின் ஆட்களை எதிர்த்துப் போரிட்டவர்களில் சென்னைப் படைச் சிப்பாய்களும் இருந்தனர். போருக்கு ஆன செலவு, கேட்ட வரியைப் போலப் பன்மடங்கு. பின்னர் அதே நூற்றாண்டில் ‘சஹ்ரிப் எதிர் மிட்செல்’ வழக்கில் தலைமை நீதிபதி சர் பென்சன் மேக்ஸ்வெல், காட்டைத் திருத்தியவருக்கு உரிமை உண்டு என்ற மலாக்காவின் பழைய வழக்கத்தை ஏற்றுப் பேசினார். மலேசிய நிலச் சட்டம் படிக்கும் மாணவர் எவரும் இந்த வழக்கைத் தாண்டிப் போவதில்லை.

நகரத்தில் நிலைமை வேறு. அங்கே ஆங்கிலேயரின் பத்திர முறை நிலவியது. விற்றவர், வாங்கியவர், அவருக்கு முன் விற்றவர் என்று பத்திரங்களின் சங்கிலிதான் உரிமைக்குச் சான்று. கூட்டாட்சி மலாய் மாநிலங்கள், ஆஸ்திரேலியாவில் ராபர்ட் டோரன்ஸ் 1858இல் நடைமுறைக்குக் கொண்டுவந்த பதிவேட்டு முறைக்கு 19ஆம் நூற்றாண்டின் முடிவுக்குள் மாறிவிட்டன. பினாங்கும் மலாக்காவும் மாறவில்லை. இவ்விரண்டிலும் 1966க்கு முன் இன்னொரு வழியும் திறந்திருந்தது: உடைமையாளரின் அனுமதியின்றி 12 ஆண்டு தடையில்லாமல் அனுபவித்து வந்தவர், காலவரையறைச் சட்டத்தின் துணையால் தனியார் நிலத்தில் உரிமை கோர முடிந்தது. ‘இத்தனை வருடமாக இருக்கிறோம், எங்களை யார் எழுப்புவது?’ என்ற பேச்சுக்கு மலாக்காவில் ஒரு காலத்தில் சட்ட ஆதாரம் இருந்தது என்பதை மறந்துவிடக் கூடாது. தேசிய நிலச் சட்டத்தோடு அமலுக்கு வந்த, பினாங்கு, மலாக்கா உரிமைப் பத்திரங்களுக்கான 1963ஆம் ஆண்டுச் சட்டம் பழைய பத்திரங்களைப் பதிவேட்டுக்கு மாற்றியது. அத்தோடு அந்த வழி மூடியது. மாநில நிலத்தில் எத்தனை காலம் இருந்தாலும், உரிமத்தோடு இருந்தாலும், அதனால் உரிமை பிறக்காது என்கிறது 48ஆம் பிரிவு. தனியார் நிலத்துக்கு அதையே 341ஆம் பிரிவு சொல்கிறது.

மலாக்காவின் பழைய தமிழ்க் குடிகளான செட்டி சமூகத்தார் இந்த வரலாற்றில் தனி இடம் பெறுகிறார்கள். தங்கக் கொல்லர் தெருவில், ஒரே வரிசையில் பள்ளிவாசலும் சீனக் கோயிலும் அண்டையில் நிற்க, 1781இல் எழுந்த ஸ்ரீ பொய்யாத விநாயகர் மூர்த்தி ஆலயத்தின் நிலம் டச்சு நிர்வாகம் சமூகத் தலைவர் தெய்வநாயகம் செட்டிக்கு அளித்தது. காஜா பெராங்கிலுள்ள செட்டிக் கிராமத்தின் நிலமும் கோயில் அறக்கட்டளையின் பொறுப்பில் இருந்து வருகிறது. ஆளும் அதிகாரம் ஒரு சமூகத்துக்கு நிலத்தை ஆக்கிக் கொடுத்தது. அந்தக் கொடைக்கு எழுத்துச் சான்று இருந்தது. ஆட்சிகள் மாறியும் அது நின்றது. தோட்டத் தமிழர்களுக்கு இப்படி எதுவும் வாய்க்கவில்லை.

ரப்பர்த் தோட்டங்கள் வந்த கதை மலாக்காவிலேயே தொடங்குகிறது. மலாக்காச் சீனரான தான் சே யான் 1896இல் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்டார். பிறகு ஜாசின் மாவட்டத்து புக்கிட் அசகானில் மலாயாவின் முதல் பெரிய வணிக ரப்பர்த் தோட்டத்தை உருவாக்கினார். அது சில ஆண்டுகளில் லண்டன் நிறுவனத்தின் கைக்குப் போனது. பால்மரம் பரவப் பரவ அரசு நிலம் நிறுவனங்களுக்கு ‘ஏலியனேட்’ ஆனது. அந்த நிலத்தில் வேலை செய்ய வந்தவர்கள் லயங்களில் குடியமர்த்தப்பட்டார்கள். லயத்து வீடு வேலையோடு ஒட்டியது. வேலை முடிந்தால் வீட்டில் இருக்கும் அனுமதியும் முடிந்தது. நிர்வாகத்தின் அனுமதியோடு இருந்ததால், மேலே சொன்ன 12 ஆண்டுக் கணக்கு அன்றும் தொழிலாளருக்கு உதவியிருக்காது. மூன்று தலைமுறை ஒரே லயத்தில் வாழ்ந்திருக்கலாம். அவர்கள் வளர்த்த வேப்பமரமும் முனீஸ்வரனுக்கு எழுப்பிய பந்தலும் தோட்டத்தின் கிராண்டுக்குள் அடங்கியவையே.

1950களில் வெள்ளைக்கார நிறுவனங்கள் தோட்டங்களை விற்கத் தொடங்கின. வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாக மறுவிற்பனை செய்தார்கள். தோட்டத் துண்டாடல் என்று இன்றும் நினைவுகூரப்படும் இந்தக் காலத்தில் வேலையும் வீடும் ஒரே நாளில் போயின. பேராசிரியர் உங்கு அசிஸ் 1951 முதல் 1960 வரையிலான துண்டாடலை ஆராய்ந்து 1963இல் அறிக்கை அளித்தார். துன் வீ.தி.சம்பந்தன் 1960இல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம், தொழிலாளர்கள் தவணையில் கட்டிய பங்குப் பணத்தைக்கொண்டு தோட்டங்களை வாங்கியது. சங்கம் செய்தது கொள்முதல். சட்டத்தின் மொழியில் ‘டிரான்ஸ்ஃபர்’. மாநிலம் நிலத்தை உரிமையாக்கும் வழியில் தொழிலாளர் நுழைய முடியாதபோது, ஏற்கெனவே உரிமையாக்கப்பட்ட நிலத்தைப் பணம் கொடுத்து வாங்கும் வழியைச் சம்பந்தன் தேர்ந்தெடுத்தார். இருந்த நிலையில் அதைவிடச் சரியான வழி வேறு இருந்ததாகத் தோன்றவில்லை. பின்னாளில் தேசிய நிலச் சட்டத்தில் 214ஏ பிரிவு சேர்ந்தது. 40 ஹெக்டருக்குக் குறையாத, தொடர்ச்சியாக அமைந்த விவசாய நிலத்தை எவ்வகையில் கைமாற்றுவதற்கும் தோட்ட நில வாரியத்தின் ஒப்புதல் வேண்டும் என்பது அதன் விதி. அந்த ஒப்புதல் நிலத்தின் கைமாற்றத்தைப் பற்றியது. அதில் வாழ்பவருக்கு உரிமை தருவது அந்தப் பிரிவின் வேலையல்ல.

சிக்கல் இனி சொல்வதில்தான் அதிகம். ‘ஏலியனேட்’ என்ற வினை எப்போது நிறைவேறுகிறது? 78ஆம் பிரிவின் 3ஆம் உட்பிரிவு இதற்கு ஐயத்துக்கு இடமில்லாத விடை தருகிறது. உரிமைப் பத்திரம் பதிவேட்டில் பதிவாகும் கணத்தில்தான். மாநில ஆட்சிக்குழு ஒப்புதல் தந்துவிட்டாலும் அந்தப் பதிவு நடக்கும்வரை நிலம் மாநில நிலமே. மலாக்காவில் விண்ணப்பம் மலாக்கா தெங்கா, அலோர் காஜா, ஜாசின் என்ற மூன்று மாவட்ட நில அலுவலகங்களில் ஒன்றுக்குப் போகும். அங்கிருந்து முதலமைச்சர் தலைமையிலான ஆட்சிக்குழுவுக்கு. ஒப்புதல் கிடைத்தால் நில அலுவலகம் 5ஏ என்ற படிவத்தில் கட்டணக் கோரிக்கை அனுப்பும்: பிரீமியம், முதலாண்டு நிலவரி, நில அளவைக் கட்டணம், பத்திரக் கட்டணம். குறித்த காலத்துக்குள் கட்டவில்லை என்றால் ஒப்புதலே காலாவதியாகும் என்கிறது 81ஆம் பிரிவு. கெடு தாண்டிப் பணம் கட்டிய ஒரு தோட்ட நிறுவனம் திரங்கானுவில் டுங்குன் மாவட்ட நில நிர்வாகியை எதிர்த்து நடத்திய வழக்கில், கூட்டரசு நீதிமன்றம் 2011இல் இதை அப்படியே உறுதிப்படுத்தியது. பெரிய நிறுவனத்துக்கே இந்த நிலை. வீடுவீடாக நன்கொடை திரட்டிப் பிரீமியம் கட்டும் கோயில் குழுவுக்கு 5ஏ படிவத்தின் கெடுத் தேதி எவ்வளவு முக்கியம் என்று சொல்லத் தேவையில்லை.

‘பள்ளிக்கு மாநில அரசு 3 ஏக்கர் ஒதுக்கியது’ என்று தமிழ் நாளிதழில் வரும் செய்திக்குப் பின்னால் நான்கு வெவ்வேறு நிலைகளில் ஒன்று இருக்கலாம். ஆட்சிக்குழு ஒப்புதல் மட்டும் தந்திருக்கலாம். பதிவு முடிந்து உரிமையாகியிருக்கலாம். 62ஆம் பிரிவின்படி பொது நோக்கத்துக்காக அரசிதழில் அறிவித்து ஒதுக்கிவைத்திருக்கலாம். சட்டப்படி ஒதுக்கீடு என்பது இது மட்டுமே, இதில் நிலம் எவருக்கும் உரிமையாவதில்லை. அல்லது டி.ஓ.எல். எனப்படும் தற்காலிக உரிமமாக இருக்கலாம். அது டிசம்பர் 31ஐத் தாண்டி நிற்காது. ஆண்டுதோறும் புதுப்பித்தால் உண்டு, இல்லையேல் இல்லை. வாசகருக்கு நான்கும் ஒரே நற்செய்தி. நீதிமன்றத்தில் நான்கும் நான்கு விதம். 1977இல் கூட்டரசு நீதிமன்றத்துக்கு வந்த ஒரு வழக்கில், நிலத்தில் குடியிருந்த தமிழர் ஒருவர் பதிவுபெற்ற உடைமையாளருக்கு எதிராக நின்றார். பதிவுப் பத்திரமே முடிவான சான்று என்று நீதிமன்றம் தீர்த்தது. காடு வெட்டிக் குடியேறியவர்கள் பேராக் அரசை எதிர்த்து நடத்திய வழக்கில் 1982இல் வந்த தீர்ப்பு இன்னும் கடுமையானது: அனுமதியின்றிக் குடியேறியவருக்குச் சட்டத்திலும் உரிமை இல்லை, சமநீதியிலும் இல்லை. சஹ்ரிப் வழக்கில் காட்டைத் திருத்தியவரின் உழைப்புக்கு இருந்த மதிப்பு ஒரு நூற்றாண்டுக்குள் எங்கே போனது என்ற கேள்வி எழாமல் இல்லை.

தோட்டத்துத் தமிழ்ப்பள்ளிகளில் இதன் விளைவைக் கண்கூடாகக் காணலாம். பள்ளி நிற்கும் நிலம் தோட்டத்தின் பெயரில் இருக்கும்வரை பள்ளி ‘பகுதி உதவி’ பெறும் பள்ளி. ஆசிரியர் சம்பளத்தை அரசு தரும், கட்டடத்துக்கு அரசுப் பணம் எளிதில் வராது. நிலத்தை மாற்றுவதற்குத் தோட்ட நிர்வாகம் ‘நிலம் தந்தோம்’ என்று கடிதம் கொடுத்தால் போதாது. பள்ளிக்கான பகுதியைத் தனி லாட்டாகப் பிரிக்க வேண்டும். பிறகு நேராகக் கைமாற்ற வேண்டும், இல்லையென்றால் மாநிலத்திடம் திருப்பி ஒப்படைக்க வேண்டும். ஒப்படைத்த நிலத்தை மாநிலம் பள்ளிக்கென ஒதுக்கலாம், அல்லது கூட்டரசு நில ஆணையர் பெயருக்கு உரிமையாக்கலாம். ஒவ்வொரு படியிலும் ஒரு படிவம், ஒரு கட்டணம், ஒரு கையெழுத்து. இடையில் தோட்டம் கைமாறினால் பழைய நிர்வாகத்தின் கடிதத்தை வைத்துக்கொண்டு புதிய நிர்வாகத்தைக் கட்டுப்படுத்துவது கடினம். கோயிலுக்கு இன்னொரு தடை: நிலத்தை யாருக்கு உரிமையாக்கலாம் என்று 43ஆம் பிரிவு வரையறுக்கிறது. வயதுவந்த தனிமனிதர், நிலம் வைத்திருக்கும் அதிகாரமுள்ள கழகம் என்று போகும் அந்தப் பட்டியலில், பதிவில்லாத திருவிழாக் குழுவுக்கு இடமில்லை.

உரிமையாக்கப்பட்ட நிலத்தின் கிராண்டு மலாய் மொழியில் இருக்கும். அதைக் கவனமாகப் படிப்பது பலனுள்ள வேலை. முதலில் பத்திரத்தின் வகை. ‘கெரான்’ என்றால் நிலையான உரிமை, ‘பாஜாக்கான்’ என்றால் குத்தகை. எச்.எஸ்.(டி) அல்லது எச்.எஸ்.(எம்) என்று தொடங்கினால் முழு அளவை முடியும் முன் தரப்பட்ட தற்காலிகப் பத்திரம். அதில் லாட் எண்ணுக்குப் பதில் பி.டி. எண் இருக்கும். அடுத்து முக்கிம் எனும் வட்டாரப் பிரிவின் பெயர், பரப்பளவு, ஆண்டு வரி. குத்தகையாக இருந்தால் முடியும் தேதி தெளிவாக எழுதியிருக்கும். அந்தத் தேதியில் நிலம் மாநிலத்துக்குத் திரும்பிவிடும். அதற்குக் கீழே நிலப் பயன்பாட்டு வகை: விவசாயம், கட்டடம், தொழில் ஆகியவற்றில் ஒன்று. விவசாயம் என்று எழுதிய நிலத்தில் மண்டபம் எழுப்பினால் நிபந்தனை மீறலாகும். பலர் கண்ணில் படாமல் போவது ‘செக்காத்தான் கெப்பெந்திங்ஙான்’ என்ற வரி. மாநில அதிகாரபீடத்தின் அனுமதியின்றிக் கைமாற்றவோ அடமானம் வைக்கவோ கூடாது என்ற கட்டுப்பாடு பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். 1290இல் ஆங்கிலேயக் குடிகளுக்குக் கிடைத்த விற்பனைச் சுதந்திரம் இந்த ஒரு வரியால் சுருங்கிவிடுகிறது.

ஒரு நிலம் எவர் பெயரில் இருக்கிறது என்பது இரகசியம் இல்லை. தேசிய நிலச் சட்டத்தின் 384, 385 பிரிவுகளின்படி எவரும் கட்டணம் செலுத்திப் பதிவேட்டைத் தேடிப் பார்க்கலாம். சொந்தத் தேடல் ‘சாரியான் பெர்செண்டிரியான்’. சான்றிதழோடு கிடைப்பது ‘சாரியான் ராஸ்மி’. ரும்பியாவிலும் தெபோங்கிலும் மெர்லிமாவிலும் பழைய கோயில்களையும் சங்கக் கட்டடங்களையும் பராமரிக்கும் நிர்வாகங்கள், கையிலுள்ள கடிதத்தில் நிறைந்துவிடாமல் அந்தத் தேடலை ஒருமுறை செய்து, சான்றிதழில் யாருடைய பெயர் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.